எம்.எல்.ஏ.வுக்கு மக்கள் போடும் மார்க்கை அளப்பது எப்படி?

தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஞாயிற்றுக்கிழமை மாலை மைக்கோடு நின்றால், இரண்டு மணி நேரத்தில் ஐந்நூறு பேரின் வாயைக் கிளறிவிடலாம். அந்த ஐந்நூறு பதிலாலும் பயனில்லை. யார் தாம்பரத்துக்காரர், யார் ஆவடிக்காரர், யாருக்கு அந்தத் தொகுதியில் ஓட்டு இருக்கிறது என்று எதுவும் தெரியாது. எண்ணிக்கையைக் கூட்டினால் இந்தக் குறை தீராது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிகளை வசதியானவர்கள் பெயரே நிறைந்த டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவேட்டிலும் எடுத்ததும், பதில் போட முனைந்தவர்கள் மட்டுமே போட்டதும்தான் கோளாறு. இன்று வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் ‘உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு எத்தனை ஸ்டார்?’ லிங்க்கும் அதே வேலையைத்தான் செய்கிறது.

சென்னையின் ஒரு சட்டமன்றத் தொகுதியில் 600 பேரிடம் நேரில் பேசி, எம்.எல்.ஏ.வின் செயல்பாடு பற்றிய திருப்தியை அளக்கும் முறை கீழே. கவுன்சிலருக்கு எடுப்பதானால் எங்கே மாற்ற வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

யாருடைய வேலை, யாருடைய கருத்து

வீட்டு வாசலில் நின்று ‘உங்க பிரதிநிதி எப்படி வேலை செய்றார்?’ என்று கேட்டால், சென்னைவாசிக்குக் கவுன்சிலர், மேயர், எம்.எல்.ஏ., எம்.பி., முதல்வர் என ஐந்து முகங்கள் வரும். குப்பையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சி வேலை. குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர் பொறுப்பு. ஆனால் இரண்டுக்கும் திட்டு விழுவது பெரும்பாலும் கண்ணில் படுகிற ஆளுக்குத்தான். அது மக்களின் தவறும் அல்ல, கணிப்பாளர் திருத்த வேண்டிய விஷயமும் அல்ல. கேள்வியில் பதவியைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, வரும் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மேயரைப் பற்றிக் கேட்பதானால் ஒன்று நினைவிருக்கட்டும்: 2022-இல் மேயரைத் தேர்ந்தெடுத்தது 200 கவுன்சிலர்கள், மக்கள் நேரடியாக ஓட்டுப் போடவில்லை. ‘நீங்கள் தேர்ந்தெடுத்த மேயர்’ என்று கேள்வி எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும்.

அடுத்து, யாரைக் கேட்பது? தொகுதியின் வாக்காளர்களையா, அங்கே குடியிருப்பவர்களையா? பழைய மயிலாப்பூர்த் தெருக்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் இருக்காது. வாடகைக்கு இருக்கும் ஐ.டி. ஊழியர்கள் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில். எம்.எல்.ஏ. கணிப்புக்கு வாக்காளர் பட்டியலையே அடிப்படையாக வையுங்கள். தெருவிளக்கு, குப்பை என்று கவுன்சிலர் வேலையை அளப்பதானால் குடியிருப்பவர்கள்தான் சரி. அதற்கு வீடுகளை எண்ணிப் பட்டியல் போட வேண்டும். இரண்டையும் கலந்து ‘பாதி பட்டியலில், பாதி தெருவில்’ என்று எடுத்தால் எந்த மக்கள்தொகைக்கும் பொருந்தாத எண் ஒன்று கிடைக்கும்.

ஏன் 600?

பதில் சொன்னவர்கள் 400 பேர் என்றால் பிழை வரம்பு, அதாவது நம் எண் உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு (நூற்றில் 95 முறை இதற்குள் அடங்கும்), கூட்டியோ குறைத்தோ 4.9 சதவீதப் புள்ளி. 600 என்றால் 4. ஆயிரம் என்றால் 3.1. இரண்டு புள்ளிக்குக் கொண்டுவர 2,400 பேர் வேண்டும். 400-லிருந்து 600-க்குப் போவதில் கொடுக்கும் காசுக்குப் பலன் உண்டு. அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் யானை விலை. தொகுதியில் இரண்டு லட்சம் வாக்காளரா, நான்கு லட்சமா என்பதால் இந்தக் கணக்கு மாறாது. ‘இவ்வளவு பெரிய தொகுதிக்கு 600 பேர் போதுமா?’ என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில்.

ஆனால் மேலே சொன்னது முழுத் தொகுதியிலிருந்தும் தனித்தனியாகப் பெயர் பொறுக்கினால் வரும் கணக்கு. கால்நடையாகச் சுற்றும் குழுவால் அது முடியாது. சில பாகங்களை (வாக்குச்சாவடிக்கு ஒன்றாகப் பிரித்த வாக்காளர் பட்டியல் பகுதிகள்) தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பதினைந்து பேரைப் பார்ப்பார்கள். ஒரே பாகத்துக்காரர்களுக்கு ஒரே குழாய், ஒரே சாக்கடை, ஒரே பகுதிச் செயலாளர். பதில்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அதனால் 600 பேட்டி நடைமுறையில் 400 பேட்டியின் பலத்தைத்தான் தரும் என்று எடுத்துக்கொண்டு, பிழை வரம்பை 5 புள்ளி என்றே வெளியிடுவது நேர்மை. ஒரே பாகத்தில் 30 பேர் என்று சுருக்கினால் ஆட்டோ செலவு மிச்சம். கணிப்பின் பலம் இன்னும் குறையும்.

உட்பிரிவுகளில் ஆசை வேண்டாம். முப்பது வயதுக்குக் குறைந்த பெண்கள் 70 பேர் சிக்கியிருந்தால் அவர்களுக்கான பிழை வரம்பு மட்டும் கிட்டத்தட்ட 12 புள்ளி. ‘இளம்பெண்களிடம் ஆதரவு சரிந்தது’ என்ற தலைப்புச் செய்திகளில் பல இப்படிப் பிறந்தவைதான்.

பெயர் எடுப்பது

தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பாகவாரியாக வாக்காளர் பட்டியல் பிடிஎஃப் கிடைக்கும். போன தேர்தலுக்கு யாரோ இறக்கி வைத்த கோப்பு வேண்டாம். 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் சென்னைப் பட்டியல்கள் வெகுவாக மாறிவிட்டன. பாக எண்களைக்கூடச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் ஆண், பெண், மூன்றாம் பாலினம், மொத்தம் என்ற எண்ணிக்கை இருக்கும். அதை மட்டும் ஒரு எக்செல் தாளில் வரிசையாக ஏற்றுங்கள்.

தொகுதியில் 2,40,000 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். எடுக்க வேண்டியது 40 பாகம். பாகங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும் பத்தி ஒன்று போடுங்கள். 2,40,000-ஐ 40-ஆல் வகுத்தால் இடைவெளி 6,000. 1-க்கும் 6,000-க்கும் இடையே கண்ணை மூடி ஒரு எண்: 2,317 வந்தால், 2,317-ஆவது வாக்காளர் எந்தப் பாகத்தில் விழுகிறாரோ அது முதல் பாகம். 8,317 விழும் பாகம் இரண்டாவது. 14,317 மூன்றாவது. இப்படியே 40. பெரிய பாகத்துக்குப் பெரிய வாய்ப்பு, சிறிய பாகத்துக்குச் சிறிய வாய்ப்பு. பிறகு எல்லாப் பாகத்திலும் ஒரே அளவு பேட்டி என்பதால் ஒவ்வொரு வாக்காளருக்கும் சமவாய்ப்பு கிடைக்கும். பட்டியலைக் கூட்டுவதற்கு முன் பாகங்களை இட வரிசையில் அடுக்கிக்கொண்டால், குடிசைப் பகுதி, அடுக்ககம், கடைத்தெரு எல்லாம் தானாகவே பங்கு பெற்றுவிடும்.

பாகத்துக்குள்ளே 15 பேட்டி முடிய 30 பெயர் எடுங்கள். 1,050 பேர் உள்ள பாகத்தில் இடைவெளி 35. தொடக்கம் 12 என்றால் வரிசை எண் 12, 47, 82, 117... நீக்கப்பட்டதாகக் குறியிட்ட பெயர் வந்தால் அடுத்த வரிசை எண்ணுக்குத் தாவாமல் ‘நீக்கம்’ என்று எழுதிவிட்டு நகருங்கள். முப்பது பெயரையும் ஒரே சமயத்தில் களப்பணியாளரிடம் கொடுக்காதீர்கள். சுலபமாகக் கிடைக்கும் பதினைந்தைப் பறித்துக்கொண்டு வந்துவிடுவார். முப்பதையும் குலுக்கி, முதலில் 20. அவை மூன்று முறை முயன்றும் தீர்ந்த பிறகு ஐந்தைந்தாக.

முகவரி கண்டுபிடிப்பதில் சென்னைக்கே உரிய தலைவலி பழைய எண், புதிய எண். ‘12/27’ என்று பட்டியலில் இருந்தால் எது எது என்று தெருவுக்குத் தெரு மாறும். கதவு எண் தெரு வரிசையில் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. முதல் நாள் மாலையே மேற்பார்வையாளர் ஒருமுறை நடந்து பார்த்து, கையால் வரைபடம் போட்டு வைத்தால் மறுநாள் ஒரு மணி நேரம் மிச்சமாகும். தபால்காரர், இஸ்திரிக்கடைக்காரர், தண்ணீர் கேன் போடுபவர் ஆகிய மூவருக்கும் தெரியாத முகவரி தெருவில் கிடையாது.

ஆள் இல்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிப்பதுதான் எல்லாக் கணிப்பையும் கெடுக்கும் பழக்கம். பகல் பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பவர் வேறு மாதிரி ஆள்; அவர் முதியவர், இல்லத்தரசி, வேலையில்லாதவர். பக்கத்து வீட்டில் கிடைப்பவரும் அதே மாதிரிதான் இருப்பார். பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை, மூன்று வெவ்வேறு வேளையில் போக வேண்டும். பூட்டு, குடிபெயர்வு, மரணம், மறுப்பு, பேட்டி முடிந்தது என ஒவ்வொன்றுக்கும் தனி எண் குறியுங்கள். கடைசியில் எத்தனை பெயருக்கு எத்தனை பேட்டி என்று சொல்ல இதுதான் ஆதாரம்.

பட்டியல் இல்லாமல் குடியிருப்பவர்களை எடுப்பதானால், தெருவில் வீடுகளை எண்ணி, இத்தனைக்கு ஒன்று என்று இடைவெளி போட்டு, கதவு திறந்தவரிடம் ‘பதினெட்டு வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருது?’ என்று கேட்டு அந்த நபரையே பிடியுங்கள். கதவைத் திறப்பவரையே கேட்டால் வீட்டுத் தலைவரின் கருத்துக்கணிப்பாகிவிடும்.

கேள்வி

காலப் ஆய்வு நிறுவனம் அமெரிக்க அதிபர்களைப் பற்றிக் கேட்டுவந்த கேள்வி, ‘அதிபர் என்ற முறையில் இவர் தன் வேலையைக் கையாளும் விதத்தை ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா?’ என்ற ஒரே வாக்கியம்தான். பல பத்தாண்டுகளாக வார்த்தை மாறாததுதான் அதன் பலம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 90 சதவீதத்துக்கு ஏறியதையும், 2008-இல் 25-க்கு விழுந்ததையும் பக்கத்தில் வைத்துப் பேச முடிவது அதனால்தான்.

நம் வாசற்படிக்கு இப்படி: ‘உங்க தொகுதி எம்.எல்.ஏ.வா இருக்கற (பெயர்) செய்துட்டு வர்ற வேலை உங்களுக்குத் திருப்தியா இருக்கா, திருப்தி இல்லையா?’ பதில் வந்ததும், ‘ரொம்பவா, ஓரளவா?’ பெயரும் பதவியும் சொல்லுங்கள். கட்சி பெயர் வேண்டாம். கட்சியைச் சொன்ன மறுகணம் பதில் எம்.எல்.ஏ.வை விட்டுக் கொடிக்குப் போய்விடும். பாதிப்பேரிடம் ‘திருப்தி இல்லையா, திருப்தியா இருக்கா’ என்று திருப்பிக் கேளுங்கள். முதலில் சொன்ன விருப்பத்தையோ கடைசியில் சொன்னதையோ அப்படியே திருப்பிச் சொல்பவர்கள் உண்டு.

வரிசை முக்கியம். தண்ணீர் வருகிறதா, வடிகால் வேலை முடிந்ததா என்று ஐந்து கேள்வி கேட்டுவிட்டுத் திருப்தியைக் கேட்டால், நீங்களே கோபத்தைக் கிளறிவிட்டு அளக்கிறீர்கள். நலத்திட்டங்களை முதலில் கேட்டால் எதிர்ப்பக்கம் சாயும். எனவே திருப்திக் கேள்வி முதலாவது. அதன்பின் ‘என்ன காரணம்?’ என்று கேட்டு, அவர் வாய்வார்த்தையையே எழுதுங்கள். பிறகு பிரச்சினைகள். வயது, படிப்பு, தொழில் கடைசியில். போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்க வேண்டியிருந்தால் வாயால் கேட்காமல் சீட்டும் பூட்டிய பெட்டியும் கொடுங்கள். அப்படியும் ஜெயித்தவருக்கே போட்டதாகச் சொல்பவர்கள் கூடுதலாக இருப்பார்கள். மொத்தம் பத்து நிமிடத்தைத் தாண்டினால் உள்ளே குக்கர் விசில் அடிக்கும், ஆளும் எழுந்து போய்விடுவார்.

இங்கே மிக அதிகமாக வரும் பதில் ‘பரவாயில்ல’. சிலருக்கு அது பாராட்டு, சிலருக்குச் சலிப்பு. களப்பணியாளர் தன் ஊகத்தில் ‘ஓரளவு திருப்தி’ என்று போட்டால் எம்.எல்.ஏ.வுக்குப் பத்துப் புள்ளி இனாமாகப் போய்ச் சேரலாம். ஒரே ஒரு முறை, ‘திருப்தின்னு எழுதிக்கவா, திருப்தி இல்லைன்னு எழுதிக்கவா?’ என்று கேட்கச் சொல்லுங்கள். அப்போதும் ‘பரவாயில்ல’ என்றால் ‘இரண்டும் இல்லை’ என்ற தனிக் குறி. இந்த விருப்பத்தை வாசித்துக் காட்டக் கூடாது. ‘அவரு யாருன்னே தெரியாது’ என்பது இன்னொரு குறி. ‘சொல்ல விரும்பல’ மூன்றாவது. கவுன்சிலர் கணிப்பில் இந்த ‘தெரியாது’தான் பல சமயம் பெரிய செய்தி.

களத்தில்

காலை 7 முதல் 10, மாலை 6 முதல் 9, ஞாயிறு முழுவதும். ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேட்டி என்று வைத்தால் பத்துப் பேர் ஆறு நாளில் முடிப்பார்கள். குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். இல்லையென்றால் பல வீடுகளில் பெண் வாக்காளருக்குப் பதிலாகக் கணவரே பேசி முடிப்பார். சௌகார்பேட்டையில் இந்தி, திருவல்லிக்கேணியில் உருது, வடசென்னையின் சில பகுதிகளில் தெலுங்கு பேசுபவர் ஒருவராவது தேவை. காசிமேட்டில் ஆண்களைப் பிடிக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் வசதி. ஆனால் வருமானம் நின்ற மனநிலையும் சேர்ந்தே பதிவாகும்.

கரை வேட்டி, கட்சி வண்ணச் சட்டை, கட்சிக்காரரின் பைக் மூன்றுக்கும் தடை. காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்ககச் செக்யூரிட்டியிடமும் அது உதவும். பெரிய குடியிருப்புகளில் சங்கச் செயலாளருக்கு இரண்டு நாள் முன்பே எழுதிவிடுங்கள். அனுமதி கிடைக்காத அடுக்ககங்களை ஓசையில்லாமல் விட்டுவிட்டால் வசதியானவர்களின் கருத்து கணக்கிலிருந்து போய்விடும். அதையும் மறுப்பாகவே பதியுங்கள்.

இன்னொரு வகைச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. அடையாள அட்டையும் டேப்லெட்டும் பார்த்ததும் மகளிர் உரிமைத் தொகைக்கோ வீடு ஒதுக்கீட்டுக்கோ கணக்கெடுக்க வந்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ரேஷன் அட்டை வெளியே வரும், எம்.எல்.ஏ. தங்கமானவர் ஆகிவிடுவார். ‘இது எந்தத் திட்டத்துக்கும் இல்லைங்க, பேர் எங்கேயும் வராது’ என்று முதலிலேயே சொல்ல வேண்டும். ஆதார், ரேஷன் எண் எதையும் வாங்கக் கூடாது. மறுசரிபார்ப்புக்கு வாங்கும் செல்பேசி எண்ணைப் பதில்களிலிருந்து பிரித்து வைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். பேட்டி நடுவே உள்ளூர்க் கட்சிக்காரர் வந்து நின்றால் வாதாட வேண்டாம். பேட்டியை நிறுத்தி, மறுநாள் வேறு வேளையில் வாருங்கள்.

கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவசச் செயலி, இணையம் இல்லாமலே பதிவு செய்யும். நேரமும் இடமும் தானாக ஒட்டிக்கொள்ளும். டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பிய பேட்டிகள் இதில்தான் மாட்டும்: மூன்று நிமிடத்தில் முடிந்தவை, ஒரே மணி நேரத்தில் பத்து, ‘தெரியாது’ என்ற பதிலே இல்லாதவை, எல்லாம் ஒரே ஜி.பி.எஸ். புள்ளியில். பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்புகளில் மட்டும் ஒரே புள்ளி வருவது இயல்பு. அதைக் காட்டி ஆளைக் குற்றம் சொல்லாதீர்கள். நூற்றுக்குப் பதினைந்து பேரை மேற்பார்வையாளர் போனில் அழைத்து, ‘யாராவது வந்தாங்களா, எவ்வளவு நேரம் பேசினாங்க?’ என்று கேட்க வேண்டும். ஒருவரின் பேட்டிகளில் இரண்டு பொய் சிக்கினால் அவருடையது மொத்தத்தையும் நீக்கி, வேறு ஆளைக்கொண்டு மறுபடி எடுங்கள்.

கணக்கு

களத்திலிருந்து வந்த மாதிரியில் பெண்கள் 62 சதவீதம், பட்டியலில் 51 என்றால், ஒவ்வொரு பெண்ணின் பதிலுக்கும் எடை (கணக்கில் அதற்குத் தரும் மதிப்பு) 51-ஐ 62-ஆல் வகுத்த 0.82, ஆணுக்கு 49-ஐ 38-ஆல் வகுத்த 1.29. பெண்களில் 52 சதவீதம் பேரும் ஆண்களில் 40 சதவீதம் பேரும் திருப்தி என்றால், எடை போடாமல் 47, போட்டபின் 46. வயதுக்கும் இதே போலச் செய்யலாம். எடை மூன்றுக்கு மேல் போனால் களப்பணி கோணிவிட்டது என்று அர்த்தம். சூத்திரம் அதைக் காப்பாற்றாது.

‘தெரியாது’க்கு 98, ‘மறுப்பு’க்கு 99 என்று குறியிட்டுவிட்டு, எக்செல்லில் அப்படியே சராசரி எடுப்பது அடிக்கடி நடக்கும் விபத்து. அதைவிட மோசமானது தெரிந்தே செய்வது. 46 பேர் திருப்தி, 31 பேர் அதிருப்தி, 23 பேர் கருத்தில்லை என்று வந்தால் நிகரத் திருப்தி 15. கருத்தில்லாதவர்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் 46 சதவீதம் 60 ஆகிவிடும். எம்.எல்.ஏ. அலுவலகங்கள் போஸ்டரில் போட விரும்புவது இந்த 60-ஐத்தான். மூன்று எண்ணையும் எப்போதும் சேர்த்தே வெளியிடுங்கள், தசமப் புள்ளி இல்லாமல். திருப்தியை ஓட்டாக வாசிக்கவும் கூடாது. ஆளைப் பிடித்தும் சின்னத்துக்காக வேறு பக்கம் போகிறவர்கள் இங்கே ஏராளம்.

வெளியிடும்போது

கணிப்புக்குக் காசு கொடுத்தது யார், எந்தத் தேதிகளில் எடுத்தது, எத்தனை பெயருக்கு எத்தனை பேட்டி, கேள்வியின் முழு வாசகம், எடை போட்ட விதம், பிழை வரம்பு: இந்த ஆறும் இல்லாத கணிப்பு விளம்பரம். தேர்தல் நேரத்தில் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைப் பாருங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் தொடர்பான கருத்துக்கணிப்பு முடிவுகளைத் தொலைக்காட்சி போன்ற மின்னணு ஊடகங்களில் காட்டப் பிரிவு 126 தடை விதிக்கிறது. வாக்களித்துவிட்டு வருபவர்களிடம் எடுக்கும் கணிப்புக்குத் தனித் தடை பிரிவு 126ஏ-இல். ஆணையம் அறிவிக்கும் காலத்தில் மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

மறுபடி எடுப்பதானால் அதே மாதத்தில் எடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் வேளச்சேரி முழங்கால் தண்ணீரில் நிற்கும் வாரத்தில் எடுத்ததையும் பிப்ரவரியில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால், அளந்தது மழையைத்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை ஒட்டிய வாரங்களை எதற்கும் ஒப்பீட்டுப் புள்ளியாக வைக்காதீர்கள். இரண்டு சுற்றுகளும் 600 பேர் என்றால், ஒரே பாகத்தில் கொத்தாகப் பேட்டி எடுத்ததையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஏறக்குறைய 7 புள்ளிக்குக் குறைவான ஏற்ற இறக்கத்தை ‘மாற்றமில்லை’ என்றே எழுத வேண்டும். கேள்வித்தாளின் கோப்பையும் பாகங்களைத் தேர்ந்தெடுத்த எக்செல் தாளையும் தேதி போட்டு இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். அடுத்த சுற்றில் கேள்வியை ‘கொஞ்சம் மெருகேற்றலாம்’ என்று யாராவது கிளம்புவார்கள், விடாதீர்கள்.